யூரின் இன்ஃபெக்ஷன் என்று சொல்லிவிட்டேன்

போன மாதம் எனக்கு ஓர் அரிப்பு வந்தது. கையில் இல்லை, காலில் இல்லை... நாலு பேர் எதிரில் சொறிய முடியாத இடத்தில்.

பேப்பரை மடித்து வைக்கத் தோன்றுகிறதா? வையுங்கள். வீட்டுப் பெண்களின் கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.

அரிப்போடு எரிச்சல். திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாக வெள்ளைப்படுதல். வாடை மட்டும் இல்லை. உடம்புச் சூடா? புது சோப்பா? ஒன்றும் புரியவில்லை. புத்தூரில் இருக்கும் நாத்தனாருக்கு போன் போட்டேன்.

"சூடுதான் அண்ணி. எளநீ குடிச்சிக்கினு இருங்க, பூடும்" என்றாள்.

குடித்தேன். போகவில்லை. கிருமிநாசினி ஊற்றிய தண்ணீரில் கழுவினேன். எரிச்சல்தான் கூடியது.

அடுத்து மெடிக்கல் ஷாப். கணவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் திருத்தணியிலிருந்து திருப்பதிக்கு வந்தவர்கள் நாங்கள். காய்கறிக்கும் ஆட்டோவுக்கும் போதுமான தெலுங்கு என்னிடம் உண்டு. இதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது? தமிழிலேயே எனக்குச் சொல் தெரியாதே. கடையில் ஆண்கள் வேறு நின்றிருந்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன் — "யூரின் இன்ஃபெக்ஷன்." கடைக்காரரும் ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்தார்.

மாத்திரை தீர்ந்தது. அரிப்பு இன்னும் மோசமானது.

போனில் தேடினேன். அது என்னை நேராகப் பால்வினை நோய்கள் பக்கம் கொண்டுபோய் விட்டது. கணவருக்கோ ஷிஃப்ட் வேலை... கூட வேலை செய்பவர்கள் யார், ஷிஃப்ட் முடிந்து எங்கே போகிறார்? இத்தனை வருஷத்தில் வராத கேள்விகள். பேச்சைக் குறைத்தேன். அவர் குடித்த டம்ளரைக்கூடத் தனியாக வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டேவிட்டார். "இன்னா ஆச்சு உனக்கு? மூஞ்சியத் திருப்பிக்கினே கீற?"

சொன்னேன். "உங்களால வந்ததான்னு தெரியலைங்க" என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நாளைக்கி லீவு போடறேன். டாக்டராண்ட போலாம். அவங்களே சொல்லட்டும்" என்றார். முகம் வாடிவிட்டது.

மறுநாள் போனோம். தெலுங்கு பேசும் பெண் டாக்டர். கணவர் வெளியே உட்கார்ந்துகொண்டார்.

"துரத உந்தாம்மா?"

"யாரும் துரத்தலைங்க மேடம்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழுக்கு மாறினார். "அரிப்பும்மா, அரிப்பு. அதத்தான் தெலுங்குல துரதன்னு கேட்டேன்."

பரிசோதித்தார். பஞ்சுக் குச்சியில் துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ரிசல்ட் வந்தது. "ஈஸ்ட்டும்மா, பூஞ்சை. எல்லார் ஒடம்புலயும் கொஞ்சம் இருக்கும். சமயத்துல அளவு மீறிடும். முன்னாடி வேற மாத்திரை சாப்பிட்டீங்களா?"

பல் வலிக்கு ஆன்ட்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தேன். அது பூஞ்சையை அடக்கி வைக்கும் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுமாம். அதற்கு மேல் மெடிக்கல் ஷாப் மாத்திரை வேறு.

"அப்போ... அவரால இல்லையா மேடம்?"

"இல்லம்மா. பாவம், எதுக்கு அவர சந்தேகப்படறீங்க?"

படுக்கும்முன் உள்ளே வைக்க மாத்திரை, வெளியே தடவ க்ரீம். உள்ளே சோப்பு, கிருமிநாசினி எதுவும் கூடாது. பருத்தி உள்ளாடை போதும் என்றார். சர்க்கரை கூடினாலும் இது வருமாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எனக்கு இல்லை. சில நாட்களில் அரிப்பு அடங்கியது. அதற்காக நிறுத்தாமல், சொன்ன நாள்வரை மருந்து வைத்தேன்.

என்னைப் பார்த்து நீங்களாக மாத்திரை வாங்கிவிடாதீர்கள். எல்லா அரிப்பும் ஈஸ்ட் இல்லை. வாடை, அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ — நேராக டாக்டர்தான். சொல்லக் கூச்சமா? "அந்த இடத்தில் அரிக்கிறது" என்றால் போதும். அதைச் சொல்லாமல்தானே நான் தப்பான மாத்திரையை விழுங்கி, வீட்டு மனுஷர் மேலும் சந்தேகப்பட்டேன்?

அன்று டாக்டரிடமிருந்து திரும்பும் வழியில், "அவங்க உங்களால இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

"அத என்னையே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இதையும் எழுதப்போறியா? எம்பேரப் போடாத" என்றார்.

போடவில்லை. 'கணவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன் — எனக்கு இருப்பது ஒருவர்தான் என்பது ஊருக்கே தெரியும்.