அவள் திருத்திய சொல்

அட்டைப்பெட்டி ஆலையின் சம்பளப் பிரிவில் இருந்தவளை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் வேலை பார்த்ததே இல்லை. யாராவது ஆங்கிலத்தில் தப்பாக எழுதிவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது, அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அவள் புருஷன் அதே ஆலையில் வெட்டும் இயந்திரத்தில் நின்றான்.

ஆர்டர் குறைந்த சமயத்தில் மேலாளர் தொழிலாளர்களிடம் கையெழுத்து வாங்க ஆங்கிலத்தில் ஒரு ஒப்புதல் கடிதம் எழுதி அவளிடம் டைப் அடிக்கக் கொடுத்தார். எல்லோர் சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கு 'டிடக்‌ஷன்' என்றிருந்தது.

"சார், இது ரிடக்‌ஷன்னு வரணும். டிடக்‌ஷன்னா பிடித்தம். சம்பளம் அப்படியே இருக்கும், அதுலேருந்து கடன், முன்பணம்னு பிடிப்போம். நீங்க சம்பளத்தையே இல்ல குறைக்கிறீங்க?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? கைக்கு வர்றது கம்மி."

"இல்ல சார். சம்பளமே குறைஞ்சா ஓவர்டைம், போனஸ் எல்லாம் கூடவே இறங்கும்."

மேலாளர் கடிதத்தை வாங்கி அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். "அப்ப நீ சொன்ன மாதிரியே போடு."

போட்டாள். கையெழுத்துப் போடாதவன் வேலைக்கு வரவேண்டாம் என்று பேச்சு அடிபட்டதால், எல்லோரும் போட்டார்கள். அவள் புருஷனும் போட்டான். அவளும்தான்.

பிறகு நாலைந்து பேர் நகலை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனார்கள். கூடப் போன புருஷன் முகம் செத்துத் திரும்பி வந்தான்.

"பிடித்தம்னு இருந்திருந்தா, எதுக்குப் பிடிச்சீங்கன்னு கேட்டுத் திருப்பி வாங்கியிருக்கலாமாம். இதுல சந்து பொந்தே இல்லியாம். விஷயம் தெரிஞ்ச ஆளு எழுதினதுன்னாரு."

அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள்.

"நீயா?"

"தப்பா இருந்துச்சுங்க. திருத்திட்டேன்."

அவன் திட்டியிருந்தால் தேவலை. சட்டையைக் கழற்றாமலே சுவரோரம் உட்கார்ந்தான். "வெளிய மூச்சு விட்டுடாத," என்றான். "அவனுங்க மூஞ்சில நான் முழிக்கணும்."

அன்று முதல் சாப்பாட்டு வேளையில், கடிதத்தை எழுதிய, முகம் தெரியாத அந்த ஆளை மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்து மென்றுகொண்டிருந்தான். வேலையை விட்டுவிடலாம் என்று அவள் வீட்டில் சொல்லிப் பார்த்தாள். குறைந்துபோன சம்பளம் ஒன்றை வைத்து வாடகையே கட்ட முடியாது.

மேலாளருக்கோ அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆலையை விட்டு எந்தக் கடிதம் போனாலும் அவள் பார்த்த பிறகே போகும் என்று ஆகிவிட்டது. அடுத்து, இரவு முறைக்கான கூடுதல் சம்பளத்தைக் குறைக்கும் கடிதம் வந்தது. மூன்றாவது வரியில் மறுபடியும் 'டிடக்‌ஷன்'. அவள் கண் அதில் நின்றது. திருத்தாமலே தாளைத் திருப்பி நீட்டினாள்.

"எல்லாம் சரியா?"

"சரியா இருக்கு சார்."

மேலாளர் தாளை வாங்கவில்லை. "மூணாவது வரிய மறுபடி பாரும்மா. அன்னிக்கு நீ சொல்லிக் குடுத்ததுதானே?" என்று சொல்லித் தன் பேனாவைத் திறந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே நின்றார்.

அவள் பேனாவை எடுத்தாள்.