அப்பா பாடிய இயேசு பாட்டுகள்

பென்னாகரத்துப் பழைய சாமான் கடையில் ஒரு கேசட் பெட்டியைத் திறந்ததும் எழுந்த பிளாஸ்டிக் வாசனை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முன்பு இருந்த, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட ரெக்கார்டிங் கடைக்கு என்னைக் கூட்டிப்போனது. முட்டை அட்டைகள் ஒட்டிய அதன் சுவர்களுக்குள், இரைச்சல் விழுமென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழிய, மாரியம்மன் பண்டிகைகளில் பாடுகிற என் அப்பா ஒரு கேசட் முழுக்க இயேசு பாட்டாகப் பாடினார்.

மதம் மாறிவிட்டார் என்று ஊரில் பேசினார்கள். சர்ச்சுக்காரர்களோ வேவு பார்க்க வந்தவரைப்போல் அவரைப் பார்த்தார்கள். அம்மாவின் சந்தேகம் வேறு. கல்யாணத்தோடு சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டவள் அவள். கேசட் ஓடி முடியும்வரை அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"இதெல்லாம் எங்க ஊரு சர்ச்சுல பாடற பாட்டுங்க. எவ சொல்லிக் குடுத்தா?"

"நீதான்."

"நானா? கண்ணாலம் ஆனதுலருந்து நான் பாடவே இல்லீங்களே."

"களி கிண்டறப்போ தெனமும் முணுமுணுக்கறயே."

அம்மா நம்பாமல் என் பக்கம் திரும்பினாள். நான் தலையாட்டினேன். எனக்கும் அந்தப் பாட்டுகள் எல்லாம் மனப்பாடமாகத்தான் இருந்தன.