அண்ணாச்சியின் சோளக்காட்டில் நாலு பட்டாசுக்காரிகள்

வெடிக்காத பொருளை வைத்து வேலை பார்ப்பது எப்படி என்று எங்கள் நாலு பேருக்கும் யாரும் சொல்லித் தரவே இல்லை.

அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், ஒரே ரூமில் உட்கார்ந்து சக்கரத்துக்கு மருந்து அடைத்தவர்கள் நாங்கள். நான், பேச்சியக்கா, முருகலட்சுமி, சண்முகத்தாய். சோதனைக்கு வந்தவர்கள் கம்பெனியைப் பூட்டிவிட்டுப் போனார்கள். எப்போது திறக்கும் என்று கேட்டால் போர்மேன் வானத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தால் சோறு வருமா? மல்லாங்கிணறு பக்கம் மக்காச்சோளக் கருது ஒடிக்க ஆள் வேண்டும் என்றார்கள், கட்டைப்பையோடு கிளம்பிவிட்டோம். கிணற்றடி மோட்டார் ரூமில் தங்கல். காட்டுக்காரர் அய்யாத்துரை அண்ணாச்சி எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார், கை ஓடினால் கடைசிக் கருது வரைக்கும் வேலை, ஓடாவிட்டால் பஸ் ஏற்றிவிடுவேன் என்று. ஊரில் எங்கள் நாலு வீட்டு அடுப்பும் எங்கள் கையை நம்பித்தான் இருந்தது. பழக்கமில்லாத வேலையில் தலையைக் கொடுத்து முழித்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம ஆள்தான்.

கம்பிக்காலுக்குக் கும்பிடு

கம்பெனியில் ரூமுக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் கரண்ட் பூமிக்குள் இறங்கிவிடும். தொடாமல் நுழைந்தால் போர்மேன் கத்துவார். பழக்கம் லேசில் விடுமா? காட்டு வாசலில் வேலிக்கு நட்ட ஓர் இரும்புக் கம்பிக்கால் நின்றது. பேச்சியக்கா அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள், பின்னாலேயே நாங்களும் தொட்டோம். தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பினாலும் தொட்டோம்.

உள்ளூர்ப் பெண்கள் ஒன்றும் கேட்காமல் தாங்களும் தொட ஆரம்பித்தார்கள். மறுநாள் யாரோ கம்பிக்காலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். அதற்கு மறுநாள் செவ்வரளி மாலை. விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அண்ணாச்சியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எந்தச் சாமியாவும் இருந்துட்டுப் போகட்டும் தாயி. கருது வீடு வந்து சேருத வரைக்கும் மழை வேண்டாம்னு மட்டும் சொல்லி வைங்க."

ஓட்டம்

மருந்து ரூமில் எதையும் எறியக் கூடாது, தரையில் உரசி இழுக்கவும் கூடாது. உள்ளூர்ப் பெண்கள் கருதை ஒடித்து, நின்ற இடத்திலிருந்தே குவியலில் வீசினார்கள். நாங்கள் ஒவ்வொரு கருதாக நடந்து போய்க் கீழே வைத்தோம். மூன்று பேருக்குச் சீக்கிரமே கை பழகிவிட்டது. பேச்சியக்காவுக்கு மட்டும் வீச மனசே வரவில்லை. அண்ணாச்சி அவளைப் பார்த்து, "ஏத்தா, அது சோளம். தொட்டில்ல போட்டுத் தாலாட்டவா போறீக?" என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அவர் சொன்ன பஸ் ஞாபகம் வந்தது.

சொல்லிவிட்டு, அண்ணாச்சி குவியலுக்குப் பக்கத்தில் நின்றபடி பீடியை எடுத்துத் தீக்குச்சியை உரசினார். அவ்வளவுதான். நாங்கள் நாலு பேரும் எடுத்த ஓட்டம், ஓடையைத் தாண்டி ரோட்டில் போய்த்தான் நின்றது. நாங்கள் ஓடுவதைப் பார்த்து உள்ளூர்ப் பெண்களும் ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில், வேட்டியை ஒரு கையிலும் பீடியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கக் கேட்டார்: "ஏத்தா, இப்ப நான் எதுக்கு ஓடியாந்தேன்?"

இல்லாத வண்டிக்குப் பேர்

மத்தியானச் சோற்றுக்கு வேப்ப மரத்தடியில் உட்காருவோம். நாலு பேருக்கும் சேர்ந்து ஒரே கனவு: ஒரு லோடு ஆட்டோ வாங்கி ஊர் ஊராய்க் காய்கறி விற்பது. எந்தக் கம்பெனியை யார் பூட்டினாலும் நம் கடை சக்கரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பாள் முருகலட்சுமி. பேசப் பேச எனக்குக் கத்தரிக்காய் வாசமே வந்துவிடும்.

வண்டியின் பின்னால் யார் பேரை முதலில் எழுதுவது என்பதில் சண்டை வந்தது. யோசனை சொன்னவள் நான் என்றேன். மூத்தவள் நான் என்றாள் பேச்சியக்கா. முருகலட்சுமியும் சண்முகத்தாயும் ஒரே தூக்குவாளியில் தின்றுகொண்டே பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். குழம்பு வேண்டுமென்றால் என் மூலமாகக் கேட்டார்கள். கடைசியில் பேர்களை வட்டமாக எழுதிவிடலாம், அதில் யாரும் முதல் இல்லை என்று சமாதானமானோம். அப்போதுதான் சண்முகத்தாய்க்கு ஒரு சந்தேகம் வந்தது. நம்மில் யாருக்கு வண்டி ஓட்டத் தெரியும்? பேச்சியக்கா கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஓட்டத் தெரியாட்டி என்னளா? நாலு பேரு இருக்கோம்ல, தள்ளுவோம்."

பஸ் படிக்கட்டில்

பாதிக் காடு முடிந்தபோது அண்ணாச்சி வந்து, மூன்று பேர் போதும், பேச்சி ஊருக்குப் போகட்டும் என்றார். பேச்சியக்கா சிரித்துக்கொண்டே சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதுவிட்டேன். எங்கள் கம்பெனிச் சட்டப்படி ஒரு ரூமுக்கு நாலு பேர், குறைந்தால் வேலை பார்க்கக் கூடாது என்று அண்ணாச்சியிடம் அளந்துவிட்டேன். நாலு பேருக்கு மேல் கூடாது என்பதுதான் சட்டம், குறைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். "இது காடு தாயி, கம்பெனி இல்ல" என்றார் அவர். அப்படியானால் நாங்களும் போகிறோம் என்று மூன்று பேரும் பையைத் தூக்கிவிட்டோம். ரோட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் வாய் வீரம் பேசியது, கண் அண்ணாச்சி வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பஸ் வந்தது. பேச்சியக்கா படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பிழைப்பைப் பாருங்கடி, ஏறாதீக" என்று வழியை மறித்தாள். நாங்கள் அவளை உள்ளே தள்ளினோம், அவள் எங்களை வெளியே தள்ளினாள். கண்டக்டர் விசில் ஊதி ஓய்ந்துவிட்டார். பின்னாலேயே மொபெட்டில் அண்ணாச்சி வந்து இறங்கினார். கிழக்கே கறுத்துக் கிடந்த மேகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஒருத்தியத்தானே போகச் சொன்னேன்? நாலு பேரும் போயிட்டா மிச்சக் காட்டை நானா ஒடிக்க? இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேச்சியக்கா மட்டும் படியை விட்டு இறங்காமல், தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "நாங்க நாலு பேரும் கலந்து பேசிட்டுச் சொல்லுதோம் அண்ணாச்சி."

வேலை போய்விடுமோ என்று பயந்து பயந்தே வேலை பார்த்ததில் நான் கண்ட ஒரே லாபம், பயப்படுவதற்குக்கூட எனக்குத் துணைக்கு மூன்று பேர் இருந்தார்கள் என்பதுதான்.