எஃப்.சி. செட்டு

தின்னர் கலந்த பெயிண்ட் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு முதலில் தலைவலி வரும், அடுத்து என் பெரியப்பாவின் ஞாபகம் வரும். இரண்டில் தலைவலியே தேவலை. வடக்குப்பட்டில் எங்கள் வாசலில் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வாடை வந்து ஒரு வாரம் உட்கார்ந்துகொள்ளும். கொடியில் காயும் பாவாடை, முருங்கைக் கிளை, வழி தெரியாமல் குறுக்கே போன கோழி என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தால் பெரியப்பாவின் ஜீப்பை "எஃப்.சி."க்குத் தயார் செய்கிறார்கள் என்று அர்த்தம்.

வாடகை வண்டி என்றால், அது ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றைத்தான் எங்கள் பக்கம் எஃப்.சி. என்போம். கம்பெனிக்கு நிலம் போன காசில் ஆளாளுக்கு வீடு கட்டியபோது, பெரியப்பா மட்டும் மலை எஸ்டேட்டில் மூட்டை சுமந்து நொந்துபோன ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்து, மீசையை நீவிக்கொண்டு "டிராவல்ஸ் ஓனர்" ஆனார். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குவது அந்த ஜீப்பின் வேலை. ஓட்டியது என் அப்பா. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போன பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி.

ஜீப்புக்குப் பிரேக் என்று ஒன்று இருந்தது, ஆனால் அதை மூன்று நான்கு தரம் மிதித்துக் கெஞ்ச வேண்டும். டயர் நான்கும் மொட்டை. பெரியப்பா இதைப் பற்றியெல்லாம் கவலைப்படுகிற ஆளா? துருப்பிடித்த இடத்தில் பட்டி வைத்துத் தேய்ப்பார், பெயிண்ட் அடிப்பார், கண்ணாடியில் சாமி பேரை எழுதுவார், முன்னால் எலுமிச்சம்பழம் கட்டுவார். மற்றதுக்கு வாலாஜாபாத்திலிருந்து "செட்டு" வரும். நல்ல டயர் நான்கு, பிரேக்குக்கு வேண்டிய சாமான், ஒரு வைப்பர், மருந்தே இல்லாத முதலுதவிப் பெட்டி, இவ்வளவுதான் செட்டு. ஜீப் வைத்திருந்த நாலைந்து பேர் கூட்டாக வாங்கி வைத்திருந்தார்கள். யாருக்கு எஃப்.சி.யோ அவர் வண்டியில் அது ஏறும், வண்டி பாஸானதும் கழன்று அடுத்தவர் வண்டிக்குப் போகும். வருஷா வருஷம் ஒரே டயரைத்தான் வெவ்வேறு நம்பர் பிளேட்டுக்குக் கீழே காட்டிக்கொண்டிருந்தார்கள், இதில் ஒருத்தருக்கும் கூச்சமில்லை. "வருஷத்துல ஒரு நாளு காட்டறதுக்கு ஆளாளுக்குப் புச்சு வாங்கணுமா? ஆபீசரு இன்னா டெய்லி வந்து பாக்கப் போறாரா?" என்பது பெரியப்பாவின் தத்துவம். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள், அப்பா கொஞ்சம் அதிகமாகவே ஆட்டுவார்.

நான் ஆறாவது படித்த வருஷம் வண்டி காலையிலேயே பாஸாகிவிட்டது. மாலையும் கழுத்துமாக இருந்த ஜீப்பை அப்பா செட்டைக் கழற்றாமல் அப்படியே ஒரகடத்துக்கு ஓட்டிப் போய், ஷிப்டு முடிந்த பெண்களை ஏற்றிவந்தார். ஏரிக்கரைத் திருப்பத்தில் எருமை ஒன்று குறுக்கே வந்ததாம். முதல் மிதியிலேயே வண்டி நின்றுவிட்டதாம். இத்தனை நாள் எதை நம்பிப் போய்வந்தோம் என்று அப்போதுதான் அந்தப் பெண்களுக்கு உறைத்திருக்கிறது.

எங்கள் வாசலில் ஜாக்கியோடு காத்திருந்தார் வாலாஜாபாத் ஜீப்காரர், மறுநாள் அவருக்கு எஃப்.சி. ஜீப் வந்து நின்றது, ஒருத்தியும் இறங்கவில்லை. "யாரும் எறங்காதீங்கடி. அந்த டயரும் பிரேக்கும் இதுலயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. பெரியப்பா முதலில் சிரித்தார். பிறகு, "பொம்பளைங்களுக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்? இத்தினி வருசமா ஓடலியா?" என்று கத்தினார். வாலாஜாபாத்காரர் ஜாக்கியைக் கீழே போட்டுவிட்டு நேரமாகிறது என்று புலம்பினார். ஆட்களை வைத்துக்கொண்டு எப்படித் தூக்குவது?

அம்மா பெரியப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருந்த அப்பாவைத்தான் கேட்டாள். "டெய்லி ஓட்டறது நீங்க. நீங்க சொல்லுங்க, பழைய பிரேக்கு புடிக்குமா, புடிக்காதா? புடிக்கும்னு ஒரு வார்த்த சொல்லுங்க, எறங்கிடறேன்."

வாசலில் இருந்த எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் கண்ணாடியில் இருந்த சாமி பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடியே, "அண்ணன் சொல்றாரு இல்ல, எறங்கு" என்றார்.

அம்மா உடனே இறங்கிவிட்டாள். அவள் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள். டயர்கள் உருண்டு போயின, மொட்டை டயர்கள் பழையபடி ஏறிக்கொண்டன, பெரியப்பா பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார்.

மறுநாளிலிருந்து அம்மா ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, நடந்து போய் பஸ் பிடித்தாள். அப்பா அவள் பக்கத்தில் ஜீப்பை மெதுவாக்கி ஹாரன் அடிப்பார், அவள் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவாள். டிரைவர் பெண்டாட்டியே ஏறாத வண்டியில் நாம் ஏன் ஏற வேண்டும் என்று ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொள்ள, ஓனர் ஒரு வருஷத்தில் ஓய்ந்துபோனார். விபத்து ஏதும் நடந்ததா என்று கேட்பீர்கள். நடக்கவில்லை. ரத்தம் பார்த்தால்தான் தப்பு என்று ஒப்புக்கொள்கிற கூட்டத்தில் நீங்களும் இருந்தால், உங்களுக்கும் என் பெரியப்பாவுக்கும் நன்றாகப் பொருந்தும்.

இப்போது கம்பெனிகளே பஸ் விடுகின்றன. ஜீப் இல்லை, செட்டு இல்லை, பெரியப்பாவும் இல்லை. மூன்றுக்காகவும் நான் வருத்தப்பட்டதில்லை. போன மாதம் நான் புதுக் கார் எடுத்தேன். பெரும்புதூர்க் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பியபோது, அப்பா ஆசையாகச் சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார். பின்சீட்டில் ஏறியிருந்த அம்மா கதவைத் திறந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். அப்பா ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ ஓட்டு, அவ வருவா" என்றார்.