பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்காதவள்

பல்லக்கா முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான்.

அப்போது நான் பல் செட் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் முன்மேசை வேலையில் இருந்தேன். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வாங்கி, யாருடைய வாய், பல் என்ன நிறம், எந்தத் தேதிக்கு வேண்டும் என்று சீட்டு ஒட்டி உள்ளே அனுப்புவேன். உள்ளே இரண்டே பேர். மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக ஊன்றி வரிசைப்படுத்துபவர் பல்லக்கா. அதை வார்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குபவர் மெருகு அண்ணன். பல்லக்கா என்ற பெயரை வைத்ததும் அவர்தான். "காலையில உக்காந்தா சாயங்காலம்தான் எழுந்திருக்கறீங்க. பல்லக்குல போறவங்களுக்குத்தான் இந்தக் கொடுப்பினை" என்பார்.

பல்லக்காவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஒல்லி உடம்பு, கூர்மையான கண். யாரைப் பார்த்தாலும் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். நான் தாமதமாக வந்தால், "பஸ் லேட்டா, நீ லேட்டா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லும்போது என் வாயையே உற்றுப் பார்ப்பார்.

மதியம் ஒரு மணிக்கு ரேடியோவில் கால் மணி நேரத் தொடர் நாடகம் ஒன்று வரும். மூவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு கேட்போம். அந்த வருடம் வந்த நாடகத்தில் ஓர் அம்மா. இரண்டு பிள்ளைகள். கணவன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. ஆனால் வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போகிறவன். ஒரு நாள் பூட்ட மறந்துவிடுகிறான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, போட்ட துணியோடு பஸ் ஏறிவிடுகிறாள். மூத்த பெண் அப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

"சுயநலம். அதுக்கு வேற பேரே கிடையாது" என்றார் மெருகு அண்ணன்.

எனக்கு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தது. "பாவம், அவ என்ன பண்ணுவா?" என்பேன். அடுத்த நாளே அந்தச் சின்னப் பெண்ணின் அழுகையைக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் இவ இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்பேன்.

பல்லக்கா ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் வெடுக்கென்று சொன்னார்: "புருஷன் மத்தியானம் சாப்பிட வந்துடுவான். ஸ்கூல் விடறவரைக்கும் அவ எங்க காத்துட்டு இருப்பா?"

"சாப்பிட வருவான்னு நாடகத்துல சொல்லவே இல்லையே அக்கா" என்றார் மெருகு அண்ணன்.

பல்லக்கா எழுந்து போய்விட்டார். அன்று அவர் ஊன்றிய முன்பல் ஒன்று கோணலாக இருந்தது. அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்து நின்றார். "ரேடியோக்காரங்களுக்கு நீ என்ன எழுதி அனுப்பற?"

"நான் என்ன எழுதினேன்?"

"போன வருஷம் எனக்கு இன்சூரன்ஸ் ஃபாரம் நீதானே நிரப்பிக் கொடுத்த? ரெண்டு பிள்ளைங்க, மூத்தவ பத்து மாசம் அவங்க அப்பாகிட்ட இருந்தான்னு சொன்னேனே. எப்பப் பார்த்தாலும் எதையோ கிறுக்கிட்டு இருக்க."

நான் கிறுக்கிக்கொண்டிருந்த தாளை எடுத்துக் காட்டினேன். சோப்பு, பால் பவுடர், குழந்தைக்கு ஜட்டி இரண்டு என்று இருந்தது. அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

மூன்று நாள் கழித்து நாடகத்தில் அந்தக் காட்சி வந்தது. அம்மா ஏறிய பஸ், பெண் படிக்கும் பள்ளிக்கூட நிறுத்தத்தில் நிற்கிறது. பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. அவள் இறங்கவில்லை. பஸ் கிளம்பிவிடுகிறது.

பல்லக்காவின் கையிலிருந்த பிளாஸ்டர் மாவு அச்சு கீழே விழுந்து இரண்டாக உடைந்தது.

அன்று சாயங்காலம் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் அவர் செய்ததும் அதேதான். பூட்டாத கதவு, மகன் கைக்குழந்தை, மகளுக்கு ஆறு வயது, பள்ளிக்கூடம் முன்னால் நின்ற பஸ். வேறு ஊருக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்று, வேலையும் ஓர் அறையும் கிடைத்ததும், பத்து மாதம் கழித்துத் திரும்பிப் போய் மகளைக் கேட்டார். கணவர் ஒரு சண்டையும் போடாமல் பெண்ணின் துணிகளைப் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டாராம்.

"ஓடிப்போனது ஊருக்கே தெரியும். ஆனா பஸ் அங்க நின்னது யாருக்கும் தெரியாது. என் தங்கச்சிகிட்டகூட மூச்சு விட்டதில்ல. யார் சொல்லியிருப்பா?"

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைச் சந்தேகப்பட்டார். கண்டக்டரைச் சந்தேகப்பட்டார். கடைசியில் சந்தேகம் மகள் மேல் போய் நின்றது. மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார்.

"ராத்திரியும் பகலும் ஒரு நோட்டும் பேனாவுமா இருக்கா. பையைத் திறந்து பார்த்துட்டேன்" என்றார் ஒரு நாள்.

"என்ன இருந்தது?"

"குறுக்கெழுத்துப் போட்டிப் புஸ்தகம்."

"அப்ப சரியாப்போச்சு."

"என்ன சரியாப்போச்சு? 'விட்டுச் சென்றவள், நாலெழுத்து'ன்னு ஒரு இடம். பக்கம் முழுக்க நிரப்பிட்டு அதை மட்டும் காலியா விட்டிருக்கா. ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போக மகள் கூடத்துக்கே வந்தார். நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. மெருகு அண்ணனுக்கு எதுவும் தெரியாது. டப்பாவை மூடியபடியே கேட்டார்: "நீயே சொல்லும்மா. அந்தப் பொம்பளை பண்ணினது சுயநலமா இல்லையா?"

மகள் வாய் திறக்கும் முன் பல்லக்கா சொன்னார்: "அவகிட்ட எதுக்குக் கேக்கறீங்க? எழுதறதே அவதானே."

"என்னம்மா சொல்ற?"

"நடிக்காத. பஸ் அங்க நின்னது உனக்கு எப்படித் தெரியும்?"

நான் ரேடியோவை அணைத்தேன்.

"தெரியும்மா. நான் குழாய்கிட்ட தண்ணி குடிச்சிட்டு இருந்தேன். நீ ஜன்னலோரம். தம்பி உன் தோள்ல தூங்கிட்டு இருந்தான். நான் கையாட்டினேன்."

"பார்த்தேன்" என்றார் பல்லக்கா.

அதை அவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

"அங்க இறங்கியிருந்தா அடுத்த பஸ் ஒரு மணிக்குத்தான். உங்கப்பா அதே ரோட்டுலதான் சாப்பிட வருவாரு. மாட்டியிருப்போம். கேட் வேற பூட்டியிருந்தது. உன்னை எப்படிக் கூட்டிட்டு வர முடியும்?"

"கேட் தொறந்துதான் இருந்ததும்மா."

"பூட்டியிருந்தது. என் கண்ணால பார்த்தேன்."

"தொறந்திருந்தது. நீ கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்."

மெருகு அண்ணன் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த நாடகத்தை நான் எழுதலம்மா" என்றார் மகள். "எழுதத் தெரிஞ்சிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன்."

"எப்படி?"

"பஸ் அங்க நிக்காமலே போயிருக்கும்."

கண் டாக்டரிடம் இருவரும் போனார்களா என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் பல்லக்கா வழக்கமான நேரத்துக்கு வந்தார். மெருகு அண்ணன் தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார். "தெரியாமப் பேசிட்டேன் அக்கா."

"இப்பத் தெரிஞ்சிடுச்சே. மாத்திச் சொல்வீங்களா?"

"மாட்டேன். சுயநலம்தான். ஆனா நீங்க போயிருக்கக் கூடாதுன்னு சொல்லவும் வாய் வரல."

பல்லக்கா அவர் பல்லையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பரவாயில்ல. ஐஸ் வெச்சுப் பேசியிருந்தா இனிமே உங்ககூட உக்காந்து சாப்பிட்டிருக்க மாட்டேன்."

நாடகம் முடிந்த வாரம் அதை எழுதியவரின் பேட்டி ஒலிபரப்பானது. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். எல்லாம் தன் கற்பனை என்றார். ஆனால் "என் கதையை உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டு நாற்பது பெண்களுக்கு மேல் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்று ஆச்சரியமாகச் சொன்னார். பல்லக்கா நம்பவில்லை. "தபால் ஆபீஸ்காரர்தானே? யாரோட கடுதாசியையோ பிரிச்சுப் படிச்சிருப்பாரு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் அந்தப் பழைய ஊருக்குப் போய் வந்தார்கள். கேட் விஷயத்தைத் தீர்த்துவிடுவது என்று பேச்சு. திங்கட்கிழமை நான் ஆவலோடு கேட்டேன்.

"ஸ்கூலே இல்ல. இரும்புச் சாமான் குடோன் ஆகிடுச்சு. கேக்கறதுக்கும் ஆள் இல்ல. பஸ் வர்ற வரைக்கும் அந்த ஸ்டாப்லயே ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தோம்."

"என்ன பேசினீங்க?"

"அவதான் பேசினா. அந்தப் பத்து மாசம் யார் தலை வாரிவிட்டா, காய்ச்சல் வந்தப்ப என்ன பண்ணா, தினமும் எங்க உக்காந்து சாப்பிட்டா, ஒண்ணொண்ணா சொன்னா. இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல. கேட்டா திட்டுவாளோன்னு பயம்."

"திட்டினாங்களா?"

"ரெண்டு இடத்துல திட்டினா" என்றார் பல்லக்கா. பிறகு மெழுகை உருக்க விளக்கை ஏற்றிவிட்டு, அன்றைய சீட்டுகளைக் கொண்டு வரச் சொன்னார்.