ஆறினால் திறக்கும் பூட்டு

எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம், தருமபுரியில் ஓர் அச்சகத்தில் நடந்தது இது. அப்போது நான் பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடிக்கும் பொறுப்பை வீட்டில் என்னிடம் விட்டிருந்தார்கள். வாத்தியார் எழுதிக் கொடுத்தால் பிழை இருக்காது என்று நம்பிக்கை.

எழுத்துப்பிழை இல்லைதான். பெரியப்பாவின் பெயரே இல்லை.

அச்சாகி வந்த கட்டைப் பிரித்து, பெருமையாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க பெரியப்பா பேரு எங்கடா?" என்றார் அம்மா. ஒரு வரப்புத் தகராறில் அப்பாவும் பெரியப்பாவும் எட்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, அந்த ஆடியில்தான் சமாதானம் ஆகியிருந்தார்கள். இந்தப் பத்திரிகை வெளியே போனால், வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்றுதான் ஊர் பேசும். முதல் பத்திரிகையை வெள்ளிக்கிழமை காலையில் பெரியப்பா வீட்டில் வைப்பதாக அப்பா சொல்லியும் அனுப்பிவிட்டார். அன்று புதன்கிழமை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் தருமபுரிக்கு ஓடினேன். அச்சக முதலாளி ஒரு பாய். "அதுக்கென்னங்க சார், மனுசன் கைதானே, மறக்கும். இன்னிக்கே அடிச்சுரலாம்" என்று சொல்லி, ஆட்களை முடுக்கிவிட்டு, பேப்பர் வாங்க சேலத்துக்குப் போய்விட்டார். அச்செழுத்துகளை மறுபடி சட்டத்தில் கோத்து, மறுபடி அச்சடித்து முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. தங்க நிற மை. வெளியே விடாத மழை. தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அச்சடித்த அட்டைகளைக் காய வைக்க அங்கே ஒரு பெட்டி இருந்தது. இரும்பு பீரோ மாதிரி இருக்கும். அடியில் சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் வலை மூடி, அதற்கும் மேலே வரிசையாகத் தகரத் தட்டுகள். கதவில் கடிகாரம் போல ஒரு வட்டமும் அதில் ஒரு முள்ளும். பெட்டியைப் பார்த்துக்கொண்டது ஓர் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். கடத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். விசையை அணைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காஞ்சிருச்சுங்களா அக்கா?" என்றேன்.

"காஞ்சிருக்குமுங்க. ஆனா பொட்டி ஆறினாத்தான் பூட்டு தெறக்கும். முள்ளு அந்தப் பச்சைக் கோட்டுக்குக் கீழ வரணும். அதுவரைக்கும் யாரு இழுத்தாலும் வராது. இன்னும் முக்கா மணி நேரம் ஆவுமுங்க."

எனக்கு முக்கால் மணி நேரம் இல்லை. ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் பென்னாகரத்தில் எங்கள் ஊருக்குப் போகிற கடைசி பஸ் கிடைக்கும். மணி ஐந்தரை ஆகப்போகிறது. குட்டி போட்ட பூனை மாதிரி அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உச்சுக் கொட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் பார்க்கும்படியாகவும் பார்த்தேன். பிறகு, அவர் கேட்காமலே எங்கள் குடும்பக் கதையை முழுக்கச் சொன்னேன். வரப்பு, எட்டு வருஷம், தங்கைக்கு இருபத்தேழு வயதில் அமைந்த மாப்பிள்ளை, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிப்பில்லை. ஆனால் அந்தக் கண்ணீரைப் பார்த்து அவர் முகம் இளகுகிறது என்று தெரிந்ததும் நான் அதைத் துடைக்கவில்லை. அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மேல் தட்டு மட்டும் எடுத்துத் தர்றேனுங்க. மீதிய நாளைக்கு யாரையாவது அனுப்பி வாங்கிக்குங்க. இத முதலாளிகிட்டச் சொல்லிராதீங்க."

தட்டுகளைப் பிடிப்பதற்கென்று அவரிடம் மடித்த கோணித்துணி ஒன்று இருந்தது. அதைத் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்துக்கொண்டு பெட்டியின் பின்னால் போனார். அங்கே பின்தகட்டை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் குழாய். உள்ளே எவ்வளவு சூடு என்று பூட்டுக்குச் சொல்வது அதுதான். அதன் மேல் ஈரத்துணியை வைத்து அழுத்தினார். முன்பக்கம் நின்ற நான் முள் இறங்குவதைப் பார்த்தேன். பெட்டி கொதித்துக்கொண்டிருக்கும்போதே, குழாய் குளிர்ந்ததை நம்பி பூட்டு 'டக்' என்று விட்டுவிட்டது.

பஸ் கிடைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அவர் அவசரமாகக் கையிலிருந்த அதே துணியால் தட்டைப் பிடித்து இழுத்தார். ஈரத்துணியால் சூட்டுப் பாத்திரத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்று அடுப்பங்கரைப் பக்கம் போன யாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாமலா? எனக்காகப் பட்ட அவசரத்தில் மறந்துவிட்டார். தட்டு பாதி வெளியே வந்தபோது துணியிலிருந்து குப்பென்று ஆவி எழுந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கீழே போட்டிருக்கலாம். கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம், போட்டால் பத்திரிகைகள் பாழாகும். நாலு எட்டு நடந்து, மேசைமேல் தட்டை வைத்த பிறகுதான் கையை எடுத்தார்.

"என்னாச்சுங்கக்கா?"

"ஒண்ணுமில்லீங்க, சுருக்குனுச்சு. நீங்க பஸ்ஸப் பாருங்க."

இரண்டு கைகளையும் வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். தோள் நடுங்கியது. பார்த்தேன். பார்த்தும், ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிவிட்டாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பத்திரிகைகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கூடக் கிடைத்தது. மறுநாள் காலைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பத்திரிகை. ஒன்றே ஒன்றை வெளியே வைத்து விசிறிக் காய வைத்திருக்கலாம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. மீதியைத் தம்பி போய் வாங்கி வந்தான். அவனிடமும் நான் எதுவும் கேட்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பத்திரிகையில் பெயர் திருப்தியாக இருந்ததா என்று மெல்லக் கேட்டேன். "நான் எங்கடா படிச்சேன்? கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியுது. உங்கப்பன் வாசல்ல வந்து நின்னான், அது போதும்" என்றார்.

அடுத்த வாரமே, தாம்பூலப் பையும் கொஞ்சம் பலகாரமும் எடுத்துக்கொண்டு தருமபுரி போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் வேறு யாரோ நின்றிருந்தார்கள். முதலாளியிடம் அந்த அக்காவைக் கேட்டேன்.

"அந்தம்மாவ நிறுத்திட்டேனுங்க" என்றார். "ரெண்டு உள்ளங்கையும் வெந்துபோச்சு. வைத்தியச் செலவெல்லாம் நான்தான் பாக்குறேன், அது வேற. ஆனா பூட்டை ஏமாத்தித் தெறந்திருக்குது சார். முன்னாடி இதே பொட்டியில ஒரு பொண்ணு கையச் சுட்டுக்கிச்சு. பூட்டு போட்டாத்தான் கிட்டப் போவேன்னு ஒத்தைக் கால்ல நின்னு, என்னையக் கோயமுத்தூருக்கு அனுப்பிப் பூட்டு போட வெச்சதே இந்தம்மாதான். அதுவே இப்பிடிப் பண்ணுனா மத்தவங்க மதிப்பாங்களா? ஏன் தெறந்தேன்னு கேட்டா, வூட்டுக்குப் போற அவசரமுன்னு சொல்லுது."

பலகாரப் பை என் கையில் கனத்தது. "அப்புறம் வர்றேன் பாய்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். பிள்ளைகளின் நோட்டில் ஒரு சொல் விட்டுப்போனால் சிவப்பு மையால் சுழித்து, மண்டையில் குட்டுகிறவன் நான். பஸ் வந்தது. ஏறவில்லை. அவ்வளவுதான் என் வீரம். திரும்பி நடந்து போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் முதலாளியிடம் சொன்னேன். அழுததையும், துடைக்காமல் விட்டதையும், ஓடியதையும்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, கடத்தூர் போவலாம்" என்றார்.

நாங்கள் போனபோது அந்த அக்கா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளிலும் கட்டு. கீழே அவர் மகள், பள்ளிக்கூடம் விட்டு வந்த சீருடையில். பின்னால் கணவர், வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். "இடது பக்கம் தளர்ந்து போவுது பாருங்க, இறுக்கிப் பின்னுங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். விரல்கள் மடங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம். எப்போது மடங்கும் என்று சொல்லவில்லையாம். நான் அந்தச் சடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, இந்த முறை அவர் பார்க்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டேன்.

"எல்லாம் என்னாலதானுங்கக்கா. மன்னிச்சுருங்க" என்றேன்.

"நீங்க கேட்டீங்க. நானும் தெரிஞ்சுதானுங்களே தெறந்தேன்" என்றார். பிறகு, "தங்கச்சி நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கை ஆறினதும் வேலைக்கு வந்துரும்மா" என்றார்.

அக்கா கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"வர்றேனுங்க முதலாளி. ஆனா பொட்டிக்குப் பின்னால இருக்குற அந்தச் செம்புக் கொழாய்க்கு ஒரு இரும்பு மூடி போட்டு, சுத்தியும் வெல்டிங் வெச்சிருங்க. என் கையே எட்டக்கூடாது. இன்னொருத்தரு வந்து நின்னு அழுதாங்கன்னா, நான் மறுபடியும் தெறந்துருவேனுங்க."

தை மாதம் அவர் வேலைக்குத் திரும்பினார். வலது கையில் இரண்டு விரல்கள் முழுக்க மடங்கவில்லை. பெட்டியின் பின்னால் மூடியும் வந்திருந்தது. போய்ப் பார்த்தேன், விரல் நுழைய இடமில்லை. இன்றும் எந்த அலுவலகத்திலோ கடையிலோ "கொஞ்சம் நேரமாகும்" என்று யாராவது சொன்னால், சரி என்று உட்கார்ந்துவிடுகிறேன். அந்த இரும்பு மூடி, என்னைப் போல அழுதுகொண்டு வருகிறவர்களிடமிருந்து ஒரு நல்ல மனசைக் காப்பாற்றப் போட்டது என்று எனக்குத் தெரியும்.