முதுகு காட்டி உட்கார்ந்தவர்

என் வீட்டுக்காரர் திருச்செல்வம், செலண்டார் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எண்ணெய் லோரி ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். சர்ச்சில் நாற்காலி அடுக்க முதல் ஆளாக நிற்பார். வெளியே கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தோடு இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவள் நான், புனிதா. என்னைக் கேளுங்கள்.

எங்கள் மகள் அனுசியா சாப்பிட உட்கார்ந்தால் இவர் மேசையை விட்டு எழுந்துவிடுவார். தட்டோடு போய் ஹாலில் இருக்கும் பிரம்பு நாற்காலியில், எங்களுக்கு முதுகைக் காட்டி, டீவியைப் பார்த்து உட்காருவார். டீவியையும் போடவிடமாட்டார். ஒருமுறை அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டேன். அன்றைக்கு வந்ததே கோபம்! உறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டீவியைத் தானே துடைத்து வைத்தார். என்ன ஜென்மமோ என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

முதுகைக் காட்டும் காரணம் மட்டும் எனக்குத் தெரியும். அனுசியாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். அவனுக்கு இரண்டரை வயதாகும்போது, பெம்பான் ஊரில் சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நான விருந்து. கரண்டியால் தட்டில் டக் டக்கென்று தட்டி இன்னும் சோறு கேட்டான். இவர் மடியில் வைத்து ஊட்டிக்கொண்டே, "எம்மவன் சாப்பிடுற அழகப் பாருங்கய்யா!" என்று பந்தியையே கூப்பிட்டுக் காட்டினார். நாலாம் நாள் காய்ச்சல். டெங்கி என்றார்கள். ஒன்பதாம் நாள் பிள்ளையைப் பெட்டியில் வைத்தோம். துக்க வீட்டில் இவருடைய அத்தை முனியாயி மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஊரு கண்ணு இல்லடா, பெத்தவன் கண்ணுதான் பொல்லாதது" என்றாள்.

தாயத்தை அறுத்துப் போட்டுவிட்டு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் நாங்கள். திருஷ்டியாவது மண்ணாவது என்று சபை நடுவே சாட்சி சொன்னவர் இவர். ஆனாலும் அந்தக் கிழவியின் ஒரு வார்த்தை இவருக்குள் குடியேறிவிட்டது. அனுசியா பிறந்த பிறகு தூக்குவார், குளிப்பாட்டுவார். சோறு என்று வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அவகிட்ட சொல்லாத. அந்தப் பயம் அவளையும் புடிச்சிக்கும்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். பாவி, எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். சில நாள் மேசையில் டக் டக்கென்று சத்தம் கேட்கும். அனுசியா தன் பாட்டுக்குக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஹாலில் இவர் தோள் சிலிர்க்கும். கேட்காத மாதிரி இரண்டு பேரும் நடித்தே காலத்தை ஓட்டினோம்.

போன மாதம், இருபத்து நாலு வயதில், அனுசியாவுக்குக் கூச்சிங்கில் நர்ஸ் வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிறு போதகர் பிரசங்கத்தில் கேட்டார்: "பிள்ள சாப்பிடுறதப் பாத்தாலே நமக்கு வயிறு நெறஞ்சிடுதுல்ல? தேவனும் நம்மள அப்படித்தான் பாத்துப் பாத்துச் சந்தோஷப்படுறாரு." இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

திரும்பி வரும்போது காரில் அனுசியா வெடித்தாள். "அந்த மாதிரி ஒரு கடவுள எப்படிம்மா நம்புறது? நான் சாப்பிட்டு எங்கப்பா ஒரு நாள் பாத்ததில்ல. நான் பொறந்ததே அவருக்குப் பிடிக்கலம்மா. இதத் தெரிஞ்சிக்கிட்டே போறேன், போதும்."

இவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். இந்தக் கசப்போடு இவள் கடல் தாண்டிப் போனால் திரும்பி வருவாளா?

வீட்டுக்கு வந்ததும், இவர் காரை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே அனுசியா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அந்தப் பிரம்பு நாற்காலியில் போய் விழுந்தாள். "இன்னிக்கு அவரு மேசையில உக்காரட்டும்." ஒரு வாய் வைத்தவள் நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாகக் கூப்பிட்டாள். "அம்மா, இங்க வந்து பாரேன்."

அவள் தலைக்கு மேலே குனிந்து பார்த்தேன். அணைந்து கிடந்த டீவியின் கறுப்பில் எங்கள் சாப்பாட்டு மேசை முழுதாகத் தெரிந்தது. நட்ட நடுவில் அனுசியா வழக்கமாக உட்காரும் நாற்காலி.

அட கடவுளே! இருபத்து நாலு வருடமா!

வாசலில் கார் சாவியோடு இவர் நின்றார். திருடிப் பிடிபட்டவர் முகம். நான் இனி யாருக்காகவும் பொறுப்பதாக இல்லை. பெம்பான், விருந்து, முனியாயி அத்தை, எல்லாவற்றையும் மகளிடம் கொட்டித் தீர்த்தேன்.

"நெழல்ல பாத்தா கண்ணு படாதுன்னு நெனச்சேம்மா" என்றார் இவர். "பாக்காம இருக்க முடியல."

அனுசியா மேசைக்கு வந்து எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அழுதுகொண்டே, "உக்காருங்கப்பா. நேரா பாருங்க. எனக்கு ஒன்னும் ஆவாது" என்றாள். இவர் உட்கார்ந்தார். அவள் பிசைந்து வாயில் வைத்த ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை.

அப்போது கேட்டது. டக் டக்.

நான் இவரைப் பார்த்தேன். அந்தச் சத்தத்துக்கு முதல் தடவையாக இவரும் என்னைப் பார்த்தார்.

"ஒனக்கும் கேக்குதா?"

தலையாட்டினேன்.

"நம்ம மவன் சாப்பிடுறான், புனிதா" என்றார். "அங்க மேல அவன ஒருத்தரு மூஞ்சியத் திருப்பாம பாத்துக்கிட்டு இருக்காரு."